பிறர் குருதியில் பெற்ற விடுதலை

உழைக்காமல் வந்த பொருளின் அருமை தெரியாது என்பது நம் இல்லங்களில் நாளும் கேட்கும் பேச்சு. பாட்டனார் தேடிவைத்த நிலத்தை விற்றுண்ணும் பேரனைக் குறித்தும் அவ்வாறே சொல்கிறோம். அரசு வழங்கிய இலவச மிதிவண்டியை மழையில் துருப்பிடிக்க விடும் மாணவனைக் குறித்தும் அவ்வாறே சொல்கிறோம். இதே அளவுகோலைக் கொண்டு நாடுகளையும் மக்களினங்களையும் அளப்போர் உண்டு. ஒரு மக்களினம் தானே போராடிப் பெறாமல், கடல் கடந்து வந்த அயல்நாட்டுப் போர்வீரர்கள் பெற்றுத் தந்த விடுதலையை மெய்யாகவே மதிக்குமா என்பது அவர்கள் எழுப்பும் வினா. மதிக்காது என்பதே பெரும்பாலும் அவர்கள் தரும் விடை.

2021 ஆகஸ்டு 15 அன்று காபூல் நகரம் தாலிபான்களின் கையில் வீழ்ந்தபோது இவ்விடை உலகெங்கும் ஓங்கி ஒலித்தது. ஆப்கானியர் தமக்காகத் தாமே போரிட மனமில்லாத ஒரு போரில் அமெரிக்கர் மடியலாகாது என்னும் பொருள்பட அன்றைய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் மறுநாளே உரையாற்றினார். கேட்டோர் பலர் தலையசைத்தனர். ஆனால் கணக்கைப் பார்ப்போம். அந்த இருபது ஆண்டுகளில் அந்நாட்டில் உயிரிழந்த அமெரிக்கப் படையினர் ஏறத்தாழ 2,400 பேர். உயிரிழந்த ஆப்கானியப் படையினரும் காவலரும் 60,000-க்கும் மேற்பட்டோர். மனமில்லாதவர்கள் இத்தனை பேர் மடிவார்களா? நகரம் வீழ்ந்த சில வாரங்களிலேயே துப்பாக்கி ஏந்தியோர் முன்னிலையில் கல்வி கேட்டும் வேலை கேட்டும் காபூல் வீதிகளில் நடந்த பெண்கள் எதை மதித்து நடந்தார்கள்? தோல்விக்குக் காரணங்கள் பல. அயல்நாட்டார் அமர்த்திய ஆட்சியாளரின் ஊழல் ஒன்று; ஊதியமும் உணவும் வந்து சேராத காவற்சாவடிகள் மற்றொன்று; அம்மக்களைக் கேளாமலே முடிக்கப்பட்ட உடன்படிக்கை இன்னொன்று. இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, 'கொடுத்தோம், அவர்களுக்கு மதிக்கத் தெரியவில்லை' என்பது கொடுத்தவருக்கு வசதியான பேச்சு. வசதியான பேச்சுகளை அறநெறி சற்றே ஐயத்தோடுதான் நோக்கவேண்டும்.

எனினும் இவ்வினா நேற்று முளைத்ததன்று; அதனை ஆழமாக எண்ணியவர்களும் உண்டு. ஆங்கிலேய மெய்யியலார் ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-ஆம் ஆண்டில் பிற நாடுகளின் செயல்களில் தலையிடுவது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு மக்களினம் விடுதலைக்குத் தகுதியுடையதா என்பதற்கு ஒரே ஒரு சோதனைதான் உண்டு, அதற்காக உழைக்கவும் இடர்ப்படவும் அது முன்வருகிறதா என்பதே அச்சோதனை என்பது அவர் வாதம். பிறர் கையால் பெற்ற விடுதலை நிலைக்காது என்றார். ஆயினும் ஒரு விலக்கு வைத்தார். ஒரு நாட்டை ஒடுக்குவது அயல்நாட்டுப் படையானால், அங்கே மற்றோர் அயற்படை வந்து துலாக்கோலை நேர்செய்வது முறையே என்றார். நேர்மையான வாதம்தான். இன்னொரு விலக்கையும் அவர் வைத்தார் என்பதை மட்டும் நாம் மறப்பதற்கில்லை. தலையிடாமை என்னும் நெறி நாகரிக நாடுகளுக்கே உரியது, இந்தியா போன்ற நாடுகளுக்குப் பொருந்தாது என்பது அது. அவத் அரசைக் கும்பினி கைப்பற்றியதை அதே கட்டுரையில் அவர் நியாயப்படுத்தினார். 35 ஆண்டுகள் கிழக்கிந்தியக் கும்பினியின் அலுவலகத்தில் ஊதியம் பெற்றவர் அவர். விடுதலை குறித்து அத்துணை நுட்பமாக எண்ணியவரின் கண்ணும் தம் அலுவலகச் சுவரைத் தாண்டிச் செல்லவில்லை.

மில்லின் சோதனையை நெதர்லாந்து நாட்டின் மீது வைத்துப் பார்ப்போம். அவருடைய முதல் விலக்குக்குள் அடங்கும் நாடு அது. ஆகவே ஆப்கானிஸ்தானத்தோடு அதனை ஒன்றாக வைத்தல் ஆகாது என்பது மெய்யே. ஆனால் 'மதித்தல்' என்றால் என்ன என்பதைக் கற்பதற்கு அந்நாட்டைவிடத் தெளிவான பாடம் நமக்குக் கிடைப்பது அரிது.

1940 மே 10 அன்று செருமானியப் படை அந்நாட்டினுள் புகுந்தது. ஐந்தாம் நாள் ராட்டர்டாம் நகரின் நடுப்பகுதி குண்டுவீச்சில் எரிந்து அழிந்தது; அத்துடன் நாடு பணிந்தது. மக்கள் வாளாவிருந்தனர் என்று சொல்லிவிட முடியாது. யூதர்களைப் பிடித்துச் சென்றதை எதிர்த்து 1941 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாம் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். அது துப்பாக்கியால் அடக்கப்பட்டது. 1942 ஜூலை 26 அன்று யூதர்கள் நாடு கடத்தப்படுவதைக் கண்டித்து ஆயர்கள் விடுத்த மடல் ஆலயங்களில் வாசிக்கப்பட்டது. ஒரு வாரத்திற்குள் அதற்கான பழிவாங்கல் தொடங்கியது. யூதக் குலத்தில் பிறந்து கத்தோலிக்கரானவர்களைத் தேடிப் பிடித்தனர். லிம்பர்க் மாநிலத்தின் எக்ட் என்னும் ஊரிலிருந்த கார்மேல் மடத்திலிருந்து எடித் ஸ்டெயினும் அவர் தமக்கை ரோசாவும் அவ்வாறே அழைத்துச் செல்லப்பட்டு ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டனர். 1998-இல் புனிதராக உயர்த்தப்பட்ட எடித் ஸ்டெயின், மெய்யியல் கற்ற பேரறிஞர். விடுதலைக்குத் தாம் தகுதியுடையவர் என்பதை மெய்ப்பிக்குமாறு அவரைக் கேட்பதா? அந்நாட்டில் வாழ்ந்த ஏறத்தாழ 1,40,000 யூதர்களுள் 1,00,000-க்கும் மேற்பட்டோர் அழிக்கப்பட்டனர். பூட்டிய சரக்கு வண்டிக்குள் இருப்பவர் கதவைத் தாமே உடைக்கட்டும், அப்போதுதான் வெளிக்காற்றின் அருமை அவருக்குத் தெரியும் என்று சொல்வதற்கு மனிதநேயமுள்ள எவருக்கும் நா எழாது.

விடுதலை 1944 செப்டம்பரில் தென்கோடி லிம்பர்க்கினுள் நுழைந்தது. அமெரிக்க வீரர்கள் மாஸ்ட்ரிக்ட் நகரை அடைந்தனர். அங்கிருந்து சிறிது தொலைவில் மார்கிராட்டன் என்னும் சிற்றூர். அதன் வயல்வெளியில் அமெரிக்கர் தம் போர்வீரர்களை அடக்கம் செய்யத் தொடங்கினர். நாள்தோறும் லாரிகளில் உடல்கள் வந்திறங்கின. ஊர் மக்கள் அக்காட்சியைக் கண்ணால் கண்டனர். அவர்களுடைய மண்டபங்களிலும் பள்ளிகளிலும் வீடுகளிலும் தங்கி, அவர்கள் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்துவிட்டுச் செருமானிய எல்லைக்குச் சென்ற இளைஞர்களே உடல்களாய்த் திரும்பி வந்தனர். கல்லறைகளைத் தத்தெடுக்கும் வழக்கம் அங்கே பிறந்தது. ஒரு குடும்பம் ஒரு கல்லறைக்குப் பொறுப்பேற்கும், மலர் வைக்கும், கடலுக்கப்பால் மகனை இழந்த தாய்க்குக் கடிதம் எழுதும். இன்று அங்குள்ள கல்லறைகள் 8,000-க்கும் மேற்பட்டவை. அத்தனையும் தத்தெடுக்கப்பட்டுள்ளன. பெற்றோர் இறந்தால் பிள்ளைகள் அப்பொறுப்பை ஏற்கின்றனர். இடம் கிடைக்காதோர் பெயர் பதிந்து காத்திருக்கின்றனர். எண்பது ஆண்டுகள் கடந்தும் இது நிற்கவில்லை. நம்மூர்க் கல்லறைத் தோட்டங்களில் நவம்பர் 2-ஆம் நாளன்று மட்டும் புல் செதுக்கப்படும் நிலையை எண்ணும்போது நமக்கு இது சற்று நாணம் தரும் செய்தி.

உழைத்துப் பெற்றதை மட்டுமே மதிக்க முடியும் என்னும் கருத்து மார்கிராட்டனில் நிற்காது. உண்மையில் அக்கருத்து எங்குமே நிற்பதில்லை. தாய்ப்பாலை எவன் உழைத்துப் பெற்றான்? குருமடத்தில் நாம் பயின்ற இறையியலின் நடுத்தூணே அருள் என்பது. அருள் என்றாலே ஈட்டாமல் பெற்றது என்றுதான் பொருள். பாபிலோனில் அடிமைப்பட்டிருந்தோரை ஊர் திரும்பவிட்டவர் பாரசீக மன்னர் சைரசு; இசுரயேலின் கடவுளை அறியாத அவ்வேற்று நாட்டாரை அருள்பொழிவு பெற்றவர் என்றே எசாயா நூல் அழைக்கிறது. பிறர் கையால் வந்ததென்று அவ்விடுதலையைத் திருநூல் தாழ்த்தவில்லை.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் நம் வினாவுக்கு இனிய விடை கிடைத்துவிடும். ஆனால் வரலாறு இத்துடன் நிற்கவில்லை.

1945 மே மாதத் தொடக்கத்தில் நெதர்லாந்து முழுவதும் விடுதலை பெற்றது. அதே ஆண்டு ஆகஸ்டு 17 அன்று, அந்நாடு மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகக் காலூன்றியிருந்த இந்தோனேசியா தன் விடுதலையை அறிவித்தது. நெதர்லாந்து அதனை ஏற்கவில்லை, படையை அனுப்பியது. நாஜி ஆட்சியிலிருந்து மீண்ட சில ஆண்டுகளிலேயே 1,00,000-க்கும் மேற்பட்ட இளைஞர்கள் கப்பலேறிச் சென்று பிறிதொரு மக்களின் மண்ணில் அயல்நாட்டுப் படையாய் நின்றனர். அவர்களுள் முதலில் சென்றோரில் பலர், முன்னரே விடுவிக்கப்பட்ட தென் மாநிலங்களில் செருமானியரை எதிர்ப்பதற்கென்று தன்னார்வமாய்ப் படையில் சேர்ந்தவர்கள். 1947-இலும் 1948-இலும் நடந்த இரு பெருந்தாக்குதல்களுக்குக் 'காவல்துறை நடவடிக்கை' என்று பெயர் சூட்டினர். 1947 டிசம்பர் 9 அன்று மேற்கு ஜாவாவின் ரவாகெடே என்னும் சிற்றூரில் ஆண்களை வரிசையாய் நிறுத்திச் சுட்டனர். இறந்தோர் 431 பேர் என்பது இந்தோனேசியர் சொல்லும் கணக்கு. 1949 டிசம்பர் 27-இல்தான் ஆட்சி கைமாறியது.

ஒரு பக்கத்தை மறைப்பது முறையன்று. சப்பானியர் அத்தீவுகளைக் கைப்பற்றியிருந்த ஆண்டுகளில் ஏறத்தாழ 1,00,000 டச்சுக் குடிமக்கள் முகாம்களில் அடைபட்டுப் பசியிலும் நோயிலும் வாடினர். 1945-இன் இறுதி மாதங்களில் அவர்கள் மீதும் கலப்பினத்தார் மீதும் கொடிய வன்முறை நிகழ்ந்தது. கப்பலேறிய இளைஞர்களிடம் ஒழுங்கையும் அமைதியையும் நிலைநாட்டச் செல்கிறீர்கள் என்றே சொல்லப்பட்டது. பலர் அதனை நம்பினர். நம்பியவர்களுள் பலர் தங்கள் வீட்டுக் கல்லறைபோல் அமெரிக்கர் கல்லறைக்கு மலர் வைத்த குடும்பங்களிலிருந்து வந்தவர்களாகவும் இருந்திருக்கலாம். நம்மை உறுத்துவது இதுவே. மலர் வைத்த கையில் பொய்யில்லை. நன்றி உண்மையானது. எனினும் நன்றி வேறு, பெற்றதன் பொருளை உணர்தல் வேறு என்று நாம் எண்ண வேண்டியிருக்கிறது. தந்தவரை நோக்கித் திரும்புவது நன்றி. தந்த பொருளோ இன்னொரு மனிதனை நோக்கித் திரும்பும்படி நம்மைக் கேட்கிறது.

விடுதலைப் பயண வரலாற்றில் இதற்கு ஒரு பழைய சான்றுண்டு. இசுரயேல் மக்கள் தம் வாளால் எகிப்தை வென்று வெளியேறவில்லை; வெளியேற்றப்பட்டார்கள். பாலைநிலத்தில் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுதார்கள். விடுதலையை மதிக்காதவர்கள் என்று அவர்களைச் சொல்வதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் அவர்களுக்கு அளிக்கப்பட்ட திருச்சட்டம், நீங்கள் போராடிப் பெறவில்லையே என்று இடித்துரைப்பதில்லை. எகிப்தில் அந்நியராய் இருந்தீர்கள் என்பதை நினைவூட்டி, ஆகவே உங்களிடையே வாழும் அந்நியரை ஒடுக்கவேண்டாம் என்கிறது. மீண்டும் மீண்டும், வெவ்வேறு நூல்களில், அதே காரணத்தைச் சொல்லி அதே கட்டளை வருகிறது. அடிமைத்தனத்தின் நினைவு மீட்டவரைப் புகழ்வதற்கு மட்டும் அளிக்கப்படவில்லை. அறுவடையில் உதிர்ந்த கதிரை யாருக்கு விடுவது, கூலியாளுக்கு எப்போது கூலி தருவது என்பவற்றைத் தீர்மானிப்பதற்கும் அளிக்கப்பட்டிருக்கிறது.

இந்நோக்கில் பார்க்கும்போது யோகன்னஸ் பிரின்சன் என்னும் டச்சுக்காரரின் வாழ்க்கை நம்மை எளிதில் விடுவதில்லை. இளமையில் குருமடப் பள்ளியில் பயின்றவர். நேச நாட்டுப் படையில் சேர்வதற்காக நாட்டைவிட்டுத் தப்ப முயன்றபோது செருமானியரிடம் பிடிபட்டுச் சிறைப்பட்டார். போர் முடிந்தபின் தம் நாட்டு அரசாலேயே இந்தோனேசியாவுக்குப் படைவீரராய் அனுப்பப்பட்டார். 1948-இல் படையைவிட்டு வெளியேறி இந்தோனேசியரோடு சேர்ந்துகொண்டார். பின்னர் அந்நாட்டிலேயே வாழ்ந்து, அங்கே தோன்றிய சர்வாதிகார ஆட்சிகளையும் எதிர்த்துச் சிறை சென்று, மனித உரிமைகளுக்காக உழைத்து 2002-இல் இறந்தார். தாய்நாட்டில் பலர் அவரை இறுதிவரை துரோகி என்றே அழைத்தனர். அவர் தம் பழைய தோழர்களுக்கு எதிராக ஆயுதம் ஏந்தினார் என்பதை நாம் மெச்சுவதற்கில்லை. அவ்வாறு மாண்ட இளைஞர்களின் தாய்மார்களுக்கு அவர் பெயர் காயமாகவே இருந்திருக்கும். ஆயினும் தம்மைச் சிறையிட்டவர்களின் செயலைத் தாமே வேறொரு சீருடையில் செய்வதைக் கண்டுகொண்ட கண் அவருக்கு இருந்தது. அந்தக் கண் பெரும்பாலோருக்குத் திறக்கவில்லை.

இதில் நம் நாட்டாருக்கும் ஒரு பங்குண்டு. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியை மீட்கச் சென்ற படைகளில் இந்தியர் ஏறத்தாழ 50,000 பேர். அம்மண்ணில் உயிர் நீத்தோர் 5,000-க்கும் அதிகம். புனித பெனடிக்ட் நிறுவிய காசினோ மடத்தின் மலையடியில் 1944-இல் பாதை அமைத்தும் கண்ணிவெடி அகற்றியும் உழைத்தோரில் நம் மாநிலத்தாரைக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியியற் படையினரும் இருந்தனர். இத்தாலியருக்கு விடுதலை தந்தவர்களின் சொந்த ஊர் அன்று விடுதலை பெறவில்லை. அவர்களை அனுப்பிய அரசே 1945 நவம்பரில் இந்திய வீரர்களைக் கொண்டு இந்தோனேசியாவின் சுரபாயா நகரைத் தாக்கியது. அங்கே சென்றபின் யாரோடு போரிடுகிறோம் என்பதை உணர்ந்து, எதிரணியில் சேர்ந்துகொண்ட இந்திய வீரர்களும் இருந்தனர். தம் வீட்டில் இல்லாத ஒன்றை அயலாருக்குச் சுமந்து சென்றவர்கள் அவர்கள். அதன் மதிப்பை அவர்களைவிட நன்றாய் அறிந்தவர் யார் என்று நாம் சில வேளை எண்ணுவதுண்டு.

மார்கிராட்டனிலும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். 1944-இன் இறுதியில் மழையிலும் சேற்றிலும் நின்று அக்கல்லறைகளை மண்வெட்டியால் தோண்டியவர்கள் அமெரிக்கக் கறுப்பின வீரர்கள். வெள்ளைத் தோழரோடு ஒரே படைப்பிரிவில் இருக்க அவர்களுக்கு அனுமதியில்லை. தங்கள் மாநிலங்களில் பலருக்கு வாக்குரிமையும் இல்லை. அமெரிக்கப் படையில் அப்பிரிவினையை நீக்கும் ஆணை 1948-இல்தான் பிறந்தது. தோண்டியவர்களின் கதை நெடுங்காலம் அங்கே சொல்லப்படாமலே இருந்தது.

நெதர்லாந்தும் மெல்லக் கண் திறந்தது. ரவாகெடே கைம்பெண்கள் தொடுத்த வழக்கில் 2011-இல் ஹேக் நகர நீதிமன்றம் அரசே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. அவ்வாண்டு டிசம்பரில் அவ்வூருக்கே சென்று அந்நாட்டுத் தூதர் மன்னிப்புக் கேட்டார். 2022 பிப்ரவரியில், இந்தோனேசியப் போரில் நிகழ்ந்த பரவலான கொடுமைகளுக்காக அன்றைய தலைமையமைச்சர் மார்க் ரூட்டே மன்னிப்புக் கோரினார். இந்தோனேசியா 1945 ஆகஸ்டு 17-லேயே விடுதலை பெற்றது என்பதை 2023-இல் முழுமையாக ஒப்புக்கொண்டார். எழுபத்தெட்டு ஆண்டுகள்! காலம் தாழ்ந்ததென்று குறை சொல்லலாம். ஆனால் பெற்றவர்களுக்குப் பெற்றதன் பொருள் புரிவதற்கு மூன்று தலைமுறை ஆகுமானால், இருபது ஆண்டுகளில் ஆப்கானியர் மதிக்கவில்லை என்று தீர்ப்பெழுதியவர்கள் எதை அளந்து எழுதினார்கள் என்று நாம் கேட்கலாம்.

அண்மையில் மார்கிராட்டனில் ஒன்று நிகழ்ந்தது. அமெரிக்க அரசு நிருவகிக்கும் அக்கல்லறைத் தோட்டத்தின் பார்வையாளர் கூடத்தில் கறுப்பின வீரர்களைப் பற்றி வைக்கப்பட்டிருந்த இரு விளக்கப் பலகைகள் 2025-இல் எடுக்கப்பட்டுவிட்டன. செய்தி வெளிவந்ததும் கல்லறைகளைத் தத்தெடுத்த நெதர்லாந்துக் குடும்பங்களும் லிம்பர்க் மாநில அரசியலாரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவற்றைத் திரும்ப வையுங்கள் என்று தங்களை விடுவித்த நாட்டிடமே கேட்டனர். அங்கே துயிலும் கறுப்பின வீரர்கள் 170-க்கும் மேற்பட்டோர். அவர்களுடைய கல்லறைகளுக்கு லிம்பர்க் குடும்பங்கள் இன்றும் மலர் கொண்டு செல்கின்றன.